பத்து சென்டிமீட்டர்

எங்கள் சங்கத்துக்குக் கடலில் நூற்றிப்பத்து ஹெக்டேர்.
வேலி கிடையாது.
கரையில் இரண்டு பாறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம்,
அங்கிருந்து கண்ணால் கோடு இழுத்தால் எல்லை.
மூடுபனி இறங்கினால் எல்லையும் கிடையாது.

அதனால்தான் இந்தக் காவல் கொட்டகை.
தகரக் கூரை, பைனாகுலர், மண்ணெண்ணெய் அடுப்பு,
அட்டை கிழிந்த ஒரு பதிவேடு.
கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

லோகோ என்றால் எங்கள் பேச்சில் பைத்தியம்.
பாறையைப் பிடித்தால் விடாத இந்த நத்தைக்கும் அதே பெயர்.
தொண்ணூற்று மூன்றில் இங்கே முழுக்கத் தேடி
பதினாறு எண்ணினார்கள்.
அதற்கப்புறம்தான் சங்கம், முறைக்காவல், அபராதம்,
பத்து சென்டிமீட்டர் வாய் வைத்த இரும்பு அளவி.
ஓடு அதற்குள் நுழைந்துவிட்டால் சிறிசு.
வந்த இடத்துக்கே போக வேண்டும்.

ஆகஸ்ட். அறுவடைக்கு இன்னும் ஏழு வாரம்.
ஞாயிறு மதியம் தங்கை ஒதிலியா வீட்டில் சாப்பாடு.
உருளைக்கிழங்கு, மயோனைஸ்,
தட்டுக்கு நாலாக வெள்ளை வெளேரென்று
லோகோ.

நான் கேட்கவில்லை.
முதலாவதைத் தின்றேன்.
இது செருப்புத்தோல் மாதிரி இறைச்சி;
டயர் ட்யூபில் சாம்பலோடு திணித்துத்
தரையில் அறைந்து அறைந்துதான் பதமாக்க வேண்டும்.
மெத்தென்று இருந்தது. யாரோ ராத்திரி
வெகுநேரம் அறைந்திருக்கிறார்கள்.
இரண்டாவதையும் தின்றேன்.

ஒதிலியாவின் கணவன் வல்தேமார் சிகரெட் பற்றவைத்து
ஒரு லோகோ ஓட்டில் சாம்பலைத் தட்டினான்.
இந்த ஊரில் எல்லா வீட்டு ஆஷ்ட்ரேயும் அதுதான்.
ஆனால் இது பழசில்லை.
உள்ளே பால்நிறம் மங்கவில்லை,
முதுகில் ஒட்டிய கொட்டலசில் இன்னும் கடல் வாடை.

அளவி எப்போதும் என் பையில் இருக்கும்.
சாம்பலைக் கொட்டிவிட்டு ஓட்டை அதன் வாயில் வைத்தேன்.
எங்கும் தட்டாமல் நுழைந்து
மேஜைமேல் விழுந்தது.

‘உன் ஐம்பதாவது பிறந்தநாள் என்றுதான்,’ என்றாள் ஒதிலியா.

வியாழன் இரவுக் காவல் வல்தேமாருடையது.
கூட வரவேண்டியவனுக்குக் காய்ச்சல்.
பதிவேட்டில் அவன் எழுத்து:
‘கடல் அமைதி. ஒரு படகும் வரவில்லை.’
பொய் என்று சொல்ல முடியாது.
கரையிலிருந்தே இறங்கியிருக்கிறான்.
வேலி கிடையாது என்றேனே,
இருந்த வேலி அவன்தான். அதுவும் மேய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை நான் எழுதினேன்:
வல்தேமார் கத்ரில்யாவோ. லோகோ பன்னிரண்டு.
அளந்தது ஒன்று, அளவு குறைவு.
ஒரு வரி விட்டு, அதே மையில்:
தின்றது, செயலாளர், இரண்டு.
அந்த வரியில் கையெழுத்து நன்றாக இல்லை.

கூட்டத்தில் தலைவி செனோபியா உரக்கப் படித்தாள்.
யாரோ சிரித்தார்கள்.
‘லாரி வைத்து ஒரே இரவில் நானூறு அள்ளிப் போனார்களே,
அதை எழுதினாயா?’
எழுதியிருக்கிறேன்.
நம்பர் பிளேட் இல்லாத லாரி, பெயர் இல்லாத ஆட்கள்.
தெரிந்த பெயருக்குத்தான் தண்டனை கொடுக்க முடிகிறது.

முப்பத்தொன்றுக்கு ஒன்பது.
இந்த அறுவடையில் வல்தேமார் முங்கக் கூடாது.
எனக்கு மூன்று இரவு தனிக்காவல்.
ஒதிலியாவும் உறுப்பினர்தான், பாசி பொறுக்குகிறவள்.
அவள் கை எதற்கு உயர்ந்தது என்று நான் பார்க்கவில்லை.
குனிந்து எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்று மூன்றாவது இரவு.
பனி. சுண்ணாம்புப் பாறை இரண்டும் காணவில்லை.
கீழே எங்கோ ஈரமாக ஒரு அறையும் சத்தம்,
நின்று, மறுபடியும்.
கட்டிவைத்த படகின் அடியில் அலையாக இருக்கலாம்.

‘சத்தம் கேட்டது. என்னவென்று தெரியவில்லை’
என்று எழுதி, மணியும் போட்டு,
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.